ஜைனம்புவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?

1

நம் ஊர் வாசகசாலை ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதி அனுப்பும்படி கடிதம் வந்தது. உறையின் மேலேயே ‘வெளிநாடு வாழ் படித்த பெருமகனார் அவர்களுக்கு’ என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு என் மனைவி ஜைனம்பு சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அவள் ஏன் அப்படிச் சிரித்தாள் என்பதைத்தான் எழுதப் போகிறேன். பெருமகனாரின் மானம் கப்பலேறும் கதை இது. ஊரை விட்டு வந்தவனுக்கு மானம் ஒன்றுதான் லக்கேஜா என்ன, போனால் போகட்டும்.

நாங்கள் இந்தக் கோத்தா பாருவுக்கு வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம் ஆகிறது. மலேசியாவின் வடகிழக்கு மூலை. ஆறு, தென்னை, மழை. ஜைனம்புவின் தாய்மாமன் வைத்திருக்கும் துணிக்கடையில் எனக்கு வேலை. காலையில் கடையைத் திறந்து, நம்மூர் பனியன் பெட்டிகளை முன்னால் அடுக்கி, ‘திருப்பூர்’ என்ற எழுத்து வெளியே தெரிகிறாற்போல் திருப்பி வைப்பேன். இங்கே யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. எனக்குப் படிக்கத் தெரிகிறதே, அது போதும்.

மொழி வந்தது ஒரு பெரிய கூத்து. வந்த புதிதில் சந்தையில் தேங்காய் கேட்கப் போய், ‘ரெண்டு தலை வேணும், ஒண்ணைத் துருவிக் கொடுங்க’ என்று கேட்டுவிட்டேன். மலாயில் தேங்காய் ‘கெலாபா’, தலை ‘கெபாலா’, அப்படி ஓர் உறவு. சந்தையில் கடை போட்டிருப்பவர்கள் எல்லாரும் பெண்கள். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தங்கள் தலையைத் தொட்டுக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

2

ஐந்து வருஷம் இருக்கலாம் என்று வந்தோம். இரண்டு பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். மூத்தவள் நூருக்குப் பன்னிரண்டு வயது. மலாயில் கனவு காண்கிறாள், தமிழில் சோறு கேட்கிறாள். எங்கள் இருவரிடமும் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. குடிமக்களுக்கு நீல அட்டை. சிவப்பு அட்டைக்காரர்கள் வேலை பார்க்க இனி பெர்மிட் வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பெர்மிட்டைப் புதுப்பிக்காவிட்டால் ஊருக்குக் கப்பல். தெரிந்தவர்கள் பலர் அப்படிப் போனார்கள். பிள்ளைகளுக்கு இது பிறந்த ஊர், எனக்கு இது பெர்மிட் ஊர். குடியுரிமை கிடைத்தால் குடும்பத்தோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் நான் ஒரு கரை, அவர்கள் ஒரு கரை. இருவரும் விண்ணப்பம் போட்டோம்.

விண்ணப்பம் என்றால் சும்மா இல்லை. மூன்று நகல், நான்கு புகைப்படம், இரண்டு சாட்சி. அதில் ‘கல்வி’ என்று ஒரு கட்டம். என் தாளில் ‘எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி’ என்று கட்டத்துக்கு வெளியே வழிகிற மாதிரி பெரிதாக எழுதினேன். ஜைனம்புவின் தாளில் ஒரு கோடு போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“கோடு போட்டுட்டீங்களாக்கும்?”

“பள்ளிக்கூடத்துச் சர்ட்டிபிகேட் இருந்தா எழுதலாம். இருக்குதா?”

“இல்லீங்க” என்று சொல்லிவிட்டுக் கருவேப்பிலை உருவப் போய்விட்டாள்.

மலாய் தெரிகிறதா என்று அதிகாரி நேரில் சோதிப்பார். நான் ஆங்கில எழுத்தில் அச்சான மலாய்ப் பாடப்புத்தகம் வாங்கி, அரசாங்கம், மழை, அரிசி என்று நாற்பது கேள்வி பதிலை நெட்டுருப் போட்டேன். நேர்காணல் அன்று அதிகாரி கேட்டதற்கெல்லாம் பதில் கடகடவென்று வந்தது. வயதானவர், ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். எல்லாரும் அவரைத் ‘துவான் ஹாஜி’ என்பார்கள், துவான் என்றால் ஐயா. நான் பேசி முடித்ததும் மேஜையில் கிடந்த அன்றைய செய்தித்தாளை என் பக்கம் திருப்பினார். “முதல் வரியைப் படியுங்கள், போதும்.”

செய்தித்தாள் ஜாவி எழுத்தில் இருந்தது. மலாய் மொழியை அரபு எழுத்தில் எழுதுவதற்கு ஜாவி என்று பெயர். இந்த ஊரில் கடைப்பலகையெல்லாம் அப்படித்தான். அந்தக் கேள்வி சட்டத்தில் உண்டா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்த நேரத்தில் சட்டமா நினைவுக்கு வரும்? என் வாயில் இருந்து வந்தது இதுதான்: “கண்ணாடி கொண்டு வரலைங்க, துவான்.”

நான் கண்ணாடி போடுவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜைனம்பு முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். துவான் ஹாஜி செய்தித்தாளை அவள் பக்கம் தள்ளினார். அவள் குனிந்து பார்த்து, மழைக்காலம் தொடங்குவதால் ஆற்றோரத்து மக்கள் கவனமாக இருக்கும்படி சொல்லும் செய்தியை, முதல் வரி மட்டுமல்ல, கடைசிவரை படித்தாள். நடுவில் நிறுத்தி, போன வருஷம் சந்தைக்குள் தண்ணீர் வந்த கதையையும் சந்தைப் பெண்களின் மலாயிலேயே சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு ரசித்துக் கேட்டார்.

பிறகு அவளுடைய தாளை எடுத்தார். கல்விக் கட்டத்தில் நான் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவள் தாளில் முத்திரை குத்தினார். என்னிடம், “ஆறு மாதம் கழித்து வாருங்கள். கண்ணாடியோடு வாருங்கள்” என்றார்.

3

அந்தக் கண்ணாடிப் பொய்யை நான் சொந்தமாகக் கண்டுபிடிக்கவில்லை. திருப்பூரை ஒட்டிய மண்ணரை என்ற ஊரில் கற்றுக்கொண்டது.

சுதந்திரம் வந்து பத்து வருஷம் ஆகாத காலம் அது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நான் ஆபீஸ் குமாஸ்தா. முதலாளி ஒரு கவுண்டர். தோட்டத்தில் பருத்தி போட்டவர், துணிந்து நாலு மெஷின் வாங்கிப் போட்டார். அப்போது அரசாங்கம் முதியோர் கல்வித் திட்டம் கொண்டு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிய பையன் என்று என்னைப் பிடித்து மண்ணரைக்கு ஆசிரியராகப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை வகுப்பு. வகுப்புக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். பெரிய பதிவேடு ஒன்று கொடுத்தார்கள்: பெயர், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா. கடைசிக் கட்டத்தில் ‘தெரியும்’ அல்லது ‘தெரியாது’ என்று ஒரே வார்த்தைதான் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் ‘அடித்தல் திருத்தல் கூடாது’ என்று சிவப்பில் அச்சிட்டிருந்தது.

தெரியாது என்று வாய்விட்டுச் சொல்ல யாருக்கு மனசு வரும்? நான் படிக்கச் சொல்லி ஒரு சீட்டை நீட்டினால் பெரியவர்கள் கண்ணைச் சுருக்குவார்கள். “கண்ணாடி ஊட்டுக்குள்ள இருக்குதுங்க பாய், பொறவு பாக்கறனுங்க” என்பார்கள். தெருவுக்கே கண்ணாடி உள்ளே இருந்தது, ஒருவர் மூக்கிலும் இல்லை. நான் இடுப்பில் கை வைத்துச் சிரித்துவிட்டு ‘தெரியாது’ என்று எழுதுவேன். சிரித்ததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்படிப் போன ஒரு வீட்டில் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே இருந்து ஒரு குரல், எங்கள் கம்பெனியிலேயே செக்கிங் வேலை பார்க்கும் ஜைனம்புவின் குரல். நெய்து வந்த துணியில் ஓட்டை இருக்கிறதா, கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பழுதானதை ஒதுக்குவதுதான் செக்கிங்.

“எழுதப் படிக்கத் தெரியுங்களா?”

“தெரியுமுங்க.”

“எதுக்கும் எழுதிக் காட்டுங்க” என்று சிலேட்டைக் கதவிடுக்கில் கொடுத்தேன். சற்று நேரத்தில் சிலேட்டு திரும்பி வந்தது. வலமிருந்து இடமாக, அடைசலாக, இரண்டு வரி அரபு எழுத்து.

“இது ஓதற எழுத்துல்லங்க? நான் கேட்டது தமிழ்.”

“தமிழ்தானுங்க அது. எங்கம்மா கடலோரத்துக்காரங்க. அந்தப் பக்கம் பொம்பளைங்க தமிழையே இந்த எழுத்துல எழுதிக்குவாங்க. படிச்சுப் பாருங்க, தெரியும்.”

அரபுத் தமிழ் என்று ஒன்று இருப்பது எனக்கும் கேள்விதான். ஆனால் படித்துப் பார்க்க எனக்குத் தெரிந்தால்தானே! இங்கேதான் நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் ஓதுபள்ளிக்கு ஆறு நாள் போனேன். ஏழாம் நாள் ஹஜ்ரத்தின் பிரம்புக்குப் பயந்து நொய்யல் ஆற்றுப் பக்கம் ஓடியவன் அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை. தொழுகைக்கு வேண்டிய குர்ஆன் சூராக்களைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். எழுத்தில் அலிஃப் ஒன்றுதான் தெரியும். அது நேராக நிற்பதால் தெரியும். தொப்பி போட்ட எஸ்.எஸ்.எல்.சி. பாய்க்கு ஓதுகிற எழுத்து தெரியாது என்று ஊர் அறிந்தால் என்ன ஆகும்?

சிலேட்டைத் துடைத்தேன். பதிவேட்டில் ஜைனம்பு பேருக்கு நேரே ‘தெரியாது’ என்று எழுதினேன். தெரியாதவன் நான், வார்த்தை அவள் கட்டத்தில் போய் விழுந்தது.

4

அவள் சண்டைக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளாக வகுப்புக்கு வந்து, பெண்கள் வரிசையில் உட்கார்ந்து, ‘அ’ எழுதச் சொன்னால் அ எழுதினாள். மூன்று வாரத்தில் தமிழ் எழுத்து முழுவதும் வந்துவிட்டது. நான் என்னவோ பெரிய வாத்தியார் என்று மீசையைத் தடவிக்கொண்டேன். ஏற்கெனவே ஒரு எழுத்தில் தமிழை ஓட விட்டவளுக்கு இன்னொரு எழுத்து எத்தனை நாள் ஆகும்? எனக்கு அது உறைக்கவில்லை.

வகுப்பு தொடங்கும் முன்பே, கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போடலாம் என்று முதலாளி என்னைக் கேட்டிருந்தார். “எழுதத் தெரிஞ்ச ஆளாப் பாத்துச் சொல்லுங்க பாய்” என்றார். நான் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, “செக்கிங்ல யாருக்கும் எழுதத் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டேன். துணியைத் தடவிப் பார்த்தே எந்த மெஷினில் ஓடியது என்று ஜைனம்பு சொல்வாள் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியே வகுப்புக்கு வந்து நின்றார். கையில் ஒரு சின்னச் சீட்டு. ஓரமெல்லாம் திருநீறு, நடுவில் குங்குமப் பொட்டு.

“ஏனுங் பாய், இதைச் சித்தே படிச்சுச் சொல்லுங்க.”

“என்னங்க இது?”

“மந்திரிச்ச சீட்டுங்க. போன மாசம் ஒரு பனியன் கட்டுக்குள்ள இருந்துச்சு. மடிக்கிற ஆளு எடுத்துட்டு வந்து, உங்க எழுத்துல இருக்குது, தர்காவுல குடுக்கற சீட்டாட்டந் தெரியுதுன்னான். ஆரோ நல்லெண்ணத்துல வெச்சிருக்கறாங்கன்னு முருகன் படத்துச் சட்டத்துல செருகி ஊதுபத்தி காட்டிட்டு வாரனுங்க. வெச்ச வாரமே ரெண்டு ஆர்டர் வந்துச்சு. இப்ப என்னடான்னா துணியெல்லாம் கோடு கோடா இருக்குதுன்னு ஒரு பேல் சரக்கு திரும்பி வந்துருச்சு. சக்தி கொறஞ்சு போச்சுங்களா?”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். வகுப்பே என்னைப் பார்த்தது. கண்ணாடி என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கூட்டத்தில் அது எடுபடாது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “பரக்கத்துக்கு ஓதற துஆங்க முதலாளி. தொழில் விருத்திக்கு நல்ல துஆ” என்றேன்.

பெண்கள் வரிசையில் ‘க்ளுக்’ என்று ஒரு சத்தம்.

“அது நான் எழுதுனதுங்க மொதலாளி” என்று ஜைனம்பு எழுந்து நின்றாள். “பழுது கண்டா மறந்துபோகாம இருக்கறதுக்குச் சீட்டுல குறிச்சு வெச்சுக்குவனுங்க. பொறவு மெஷின் ரிப்பேர் பாக்கற பிட்டர்கிட்ட வாயால சொல்லிருவேன். அந்தச் சீட்டு மட்டும் கட்டோட போயிருச்சு, நானும் மறந்துட்டனுங்க.”

“என்னம்மணி எழுதியிருக்குது அதுல?”

“‘மூணாம் நெம்பர் மெஷின்ல ஒரு ஊசி வளஞ்சிருக்குது, துணியில கோடு உழுகுது, ஊசியை மாத்தோணும்.’ அவ்வளவுதானுங்க.”

முதலாளி சீட்டைப் பார்த்தார். குங்குமப் பொட்டைப் பார்த்தார். “அட முருகா! வளஞ்ச ஊசிக்கா ஒரு மாசமா ஊதுபத்தி காட்டிட்டு இருந்தேன்?” என்று அவர் சிரிக்க ஆரம்பித்தது தெருக்கோடிவரை கேட்டது. சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “இந்த அம்மணிக்கு எழுதத் தெரியாதுன்னு எனக்குச் சொன்னது ஆருங்க?” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்படியே தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஜைனம்புதான், “வாத்தியாரு மேல தப்பில்லீங்க, கட்டம் சின்னது” என்றாள்.

மறுநாள் மூன்றாம் நம்பர் மெஷினைப் பிரித்தார்கள். ஊசி வளைந்துதான் இருந்தது. செக்கிங் பொறுப்பு ஜைனம்புவுக்கு வந்தது. “எந்த எழுத்துல வேணும்னாலும் எழுது அம்மணி, படிச்சுச் சொல்றதுக்கும் நீயே வந்துரு” என்றார் முதலாளி.

பதிவேட்டைத் திருத்தவா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். அடித்தல் திருத்தல் கூடாது என்று பதில் வந்தது. வருஷக் கடைசியில் ‘புதிதாக எழுத்தறிவு பெற்றோர்’ பட்டியலில் அவள் பெயரே முதலாவதாக இருந்தது, கற்பித்தவர் என்று என் பெயர். அதற்கு எனக்கு ஒரு பாராட்டுத் தாளும் வந்தது. சர்க்கார் வேலை சுத்தம்!

5

அப்புறம் எனக்குச் செக்கிங் பகுதியில் அடிக்கடி வேலை இருந்தது. ரசீது காட்ட, கையெழுத்து வாங்க, சும்மா மணி கேட்க. முடிவில் என் அம்மாவே பெண் கேட்டுப் போனார். அவர்கள் வீட்டில் சம்மதம். தனியாகப் பேசக் கிடைத்த ஒரு நிமிஷத்தில் நான் உளறிக் கொட்டிவிட்டேன். “அன்னிக்குச் சிலேட்டுல நீ எழுதுனதை நான் படிக்கலை. படிக்கத் தெரியலை.”

“அது அன்னிக்கே தெரியுமுங்க” என்றாள். “சிலேட்டைத் தலைகீழா புடிச்சிருந்தீங்க.”

“பின்ன ஏன் யாருகிட்டயும் சொல்லலை?”

“கட்டிக்கப் போறவரை ஊர் முன்னால காட்டிக் குடுப்பாங்களா?” என்றாள். அதை அன்றைக்கே முடிவு செய்துவிட்டாளா என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பதில் சொன்னதில்லை.

கல்யாணமாகி மறு வருஷம் தாய்மாமன் கூப்பிட, கப்பலில் பினாங்கு, அங்கிருந்து ரயில், கடைசியில் படகில் ஆற்றைக் கடந்து கோத்தா பாருவில் இறங்கினோம். எதிரே ஒரு பலகை. நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன். ஜைனம்பு நின்றுவிட்டாள். உதடு அசைந்தது. “இவங்க ப-வுக்கு மேல மூணு புள்ளி வெக்கிறாங்க. எங்கம்மா எழுதற ப-வுக்குக் கீழ ஒரு புள்ளி. பா... சர்... ஏனுங்க, பஜாருங்க! சந்தைக்கு இப்படிப் போகோணுமுங்க!”

மொழி தெரியாத ஊரில், இறங்கிய ஐந்தாவது நிமிஷத்தில், பாராட்டுத் தாள் வைத்திருந்த நான் அவள் பின்னால் நடந்தேன். அப்படியே பதினைந்து வருஷம் நடந்துவிட்டேன். பஸ் பலகை, ஆஸ்பத்திரிப் பலகை, எல்லாவற்றையும் அவளே படித்தாள். நான் கற்றிருக்கலாம். கற்க என்ன அவசரம், வீட்டில் ஆள் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். இத்தனையையும் பார்த்துவிட்டும் அவள் கல்விக் கட்டத்தில் கோடு போட்டேனே, அதுதான் என் அறிவு.

6

நேர்காணல் முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை, ஜைனம்பு ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். இங்கே வாராந்திர விடுமுறை வெள்ளி. பசியாறி, ஜும்ஆத் தொழுகைக்குக் கிளம்பும்வரை நேரம் இருந்தது. அவள் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். பெயர், தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா. மண்ணரைப் பதிவேடு அச்சு அசலாக.

என் பெயரைத் தமிழில் எழுதினாள். தொழில், ‘பனியன் விற்பது’. மூன்றாவது கட்டத்தில் மட்டும் வலமிருந்து இடமாக ஏதோ எழுதி, ஊதிக் காய வைத்தாள்.

“என்ன எழுதியிருக்கே? ‘தெரியாது’தானே?”

“படிச்சுப் பாருங்க, தெரியும்.”

நூரிடம் நோட்டை நீட்டினேன். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஜாவி பாடம் உண்டு. எழுத்துக் கூட்டிப் படித்து, ஒரு நிமிஷம் யோசித்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “தக் போலே, முடியாது அத்தா! சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தப் பெண்ணுக்குத் தமிழ் எழுத்துக் கற்றுக் கொடுக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். ஊரிலிருந்து அரிச்சுவடி வரவழைத்தேன், மிட்டாய் கொடுத்தேன், கத்தினேன். ‘ஆ’வன்னாவைத் தாண்டவில்லை. பிள்ளை கைவிட்டுப் போய்விட்டது என்று மனசுக்குள் அழுதிருக்கிறேன். அவளோ ஜாவி எழுத்து தெரிந்த தைரியத்தில் தன் அம்மா எழுதிய தமிழைப் படித்துச் சிரிக்கிறாள்! நாலைந்து எழுத்துக்குத்தான் அம்மாவிடம் சந்தேகம் கேட்டாளாம். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் எனக்குப் புரியாத எழுத்தில், எனக்குப் புரிகிற தமிழில், என்னைப் பற்றியே சீட்டு எழுதி வைத்து விளையாட ஆரம்பித்தார்கள். எரிச்சலாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

ஆறு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் பாடம். அலிஃப் தெரியும் என்று தொடங்கினேன். பே, தே, ஸே மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன, புள்ளிதான் வித்தியாசம். “இத்தனை புள்ளியை எவன் எண்ணிட்டு இருப்பான்?” என்று கத்தினால், “துணியில ஓட்டை பாக்கற மாதிரி பாருங்க, கண்ணைத் தூரமா வெக்காதீங்க” என்பாள் ஜைனம்பு. மண்ணரையில் நான் பெரியவர்களின் விரலைப் பிடித்து அழுத்தி எழுத வைத்தேன். அவள் என் விரலைத் தொடவில்லை. நான் தப்பு செய்யும்வரை காத்திருந்து, தப்பைக் காட்டிவிட்டு, மறுபடியும் காத்திருந்தாள். எது நல்ல வாத்தியார் என்று எனக்கு நாற்பது வயதில் தெரிந்தது. சந்தைப் பெண்களுக்கும் விஷயம் எட்டிவிட்டது. இப்போது தலையைத் தொட்டுக் காட்டுவதோடு, சிலேட்டில் எழுதுவது போலவும் காட்டினார்கள்.

இரண்டாவது நேர்காணல் அன்று காலை, சட்டையை மாட்டிக்கொண்டு, நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தேன். மூன்றாவது கட்டத்தில் விரலை வைத்து மெதுவாக எழுத்துக் கூட்டினேன். முதல் வார்த்தை வந்தது. இரண்டாவதும் வந்தது.

‘இன்னும் இல்லை.’

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். நான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மண்ணரையில் கண்ணைச் சுருக்கிய அத்தனை பெரியவர்களுக்கும் நான் ‘தெரியாது’ என்று எழுதினேன். ‘இன்னும்’ என்று ஒரு வார்த்தை சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இடமில்லாமல் இல்லை, எழுதியிருக்கலாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

7

துவான் ஹாஜி என்னைப் பார்த்ததும், “கண்ணாடி கொண்டு வந்தீர்களா?” என்று கேட்டார். பிறகு மழை பெய்ததா, கடை எப்படி, மகள் எந்த வகுப்பு என்று பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு முடிந்ததும் என் தாளை எடுத்து முத்திரையைக் குத்திவிட்டார். செய்தித்தாளை எடுக்கவே இல்லை!

“துவான், படிக்கச் சொல்லவில்லையே?” என்றேன்.

“வேண்டாம். பேச்சிலேயே தெரிந்துவிட்டது.”

“இல்லைங்க துவான், நான் படிக்கணும்” என்று மேஜையில் கிடந்த செய்தித்தாளை நானே எடுத்தேன். ஆறு மாதம் உழைத்திருக்கிறேன், விடுவேனா? வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்க, முதல் வரியைத் திக்கித் திணறி, நெற்றியில் வேர்வை வழிய, முழுதாகப் படித்தேன். நெல் அறுவடையைப் பற்றிய செய்தி. அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, “யார் சொல்லிக் கொடுத்தது?” என்றார்.

“என் வாத்தியாரம்மா. அவங்க தாளை நீங்க பார்த்திருக்கீங்க. கல்விக் கட்டத்துல ஒரு கோடு இருந்துச்சே, அவங்கதான்” என்றேன்.

நீல அட்டை போன வாரம் வந்தது. இனி கப்பல் ஏறினால் உங்களையெல்லாம் பார்க்க மட்டும்தான். பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடலாம். நூர் அட்டையைச் சுவரில் மாட்டலாம் என்றாள். ஜைனம்பு பாயசம் வைத்தாள். நான் நோட்டை எடுத்து வந்து அவள் முன்னால் போட்டேன்.

“இந்த ‘இன்னும் இல்லை’யை அடிச்சுட்டு வேற எழுதிக் குடு.”

“அடித்தல் திருத்தல் கூடாதுங்க” என்றாள், கரண்டியைக் கீழே வைக்காமல். “புதுசா வேணும்னா கீழ ஒரு வரி எழுதிக்குங்க.”

சரி என்று பேனாவை வாங்கினேன். என் பெயருக்குக் கீழே ‘ஜைனம்பு’ என்று எழுதினேன். தொழில், ‘ஆசிரியை’. மூன்றாவது கட்டத்துக்கு வந்தேன். அவளுடைய எழுத்திலேயே, வலமிருந்து இடமாக, ‘தெரியும்’ என்று எழுதினேன். பதினாறு, பதினேழு வருஷத்துக்கு முன்னால் மண்ணரையில், அந்தப் பாதித் திறந்த கதவுக்கு வெளியே நின்று எழுதியிருக்க வேண்டிய வார்த்தை.

ஜைனம்பு கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள்.

“ரெண்டு புள்ளி விட்டுப்போச்சுங்க” என்று சொல்லி, அந்த இரண்டு புள்ளியையும் அவளே வைத்தாள்.